குடித்தது எந்தப் பாப்பாத்தி?

ரேஷன் கடை வரிசையில் நின்ற பாப்பாத்தியின் கையில் நிர்மலா ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தபோதே விஷயம் முற்றிப் போயிருந்தது. பாப்பாத்திக்குத்தான் தெரியவில்லை.

"இன்னாத்துக்குடி இது?"

"வச்சிக்கக்கா. மோருல பிழிஞ்சி குடி, தல பாரம் எறங்கிடும். யாருக்குத்தான் கஷ்டம் இல்ல? நான் ஒருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன்."

நிர்மலா ஒருத்தரிடம் சொல்ல மாட்டேன் என்றால், எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள் என்று பொருள். பாப்பாத்தி பழத்தை முந்தியில் முடிந்துகொண்டாள். சும்மா வந்த பழம், ஊறுகாய்க்காவது ஆகும். ஆனால் முன்னால் நின்ற பெண் இரண்டடி தள்ளி நின்றாள். பின்னால் நின்றவள் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தாள். வழக்கமாக எடையில் வம்பு வளர்க்கிற கடைக்காரர், பாப்பாத்தி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அரிசியைத் தாராளமாகவே அளந்து போட்டார். அதுதான் பாப்பாத்தியை நிஜமாகவே பயமுறுத்தியது.

கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டில், ஏரியை ஒட்டினாற்போல இருக்கிற அந்த ஊரில் அவளுக்குக் 'கயிறு பாப்பாத்தி' என்று பேர். அந்தப் பேருக்கு ஒரு காரணம் உண்டு. முனியப்பன் கோயிலில் பூசாரி அய்யனார் மந்திரித்துக் கையில் ஒரு கயிறு கட்டுவார். கட்டிக்கொண்டவன் ஆடித் திருவிழா வரைக்கும் குடிக்கக் கூடாது. மீறினால் முனியப்பன் பார்த்துக்கொள்வார். கட்டும்போது குடிப்பழக்கம் இல்லாத ஒருவர் பக்கத்தில் சாட்சி நிற்க வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். சாட்சியே குடித்தால் கட்டு செல்லாது.

கள்ளச்சாராயத்தால் மாவட்டமே அழுத அந்த வருஷம், அக்கம்பக்கத்து ஊர்களில் வரிசையாகப் பாடை கட்டியதைப் பார்த்துவிட்டு வந்த பாப்பாத்தி, மறுநாளே புருஷன் வீரமுத்துவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாட்சிக்கு ஊர் முழுக்கத் தேடியும் குடிக்காத ஆண்பிள்ளை அகப்படவில்லை. அகப்பட்ட ஒருத்தனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. "பொம்பள சாட்சி நின்னா சாமி வாணாங்குமா?" என்று கேட்டுவிட்டு அவளே நின்றாள். அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டுக்காரி கண்ணைக் கசக்கினாலும் அந்த வீட்டு ஆள் கோயிலில் நிற்பான். பக்கத்தில் பாப்பாத்தி நிற்பாள். ஊரில் பாதி ஆம்பிளைகளின் மணிக்கட்டு அவள் பேரில்தான் கட்டுப்பட்டிருந்தது.

வீரமுத்துவுக்கு ஏரியில் மீன் குத்தகை. கயிறு கட்டிய பிறகு மனுஷனுக்குச் சாயங்காலமானால் கைக்கும் வேலையில்லை, வாய்க்கும் வேலையில்லை. தவித்துப் போய், கடலூர் துறைமுகத்துப் பக்கம் போய் ஒரு பழைய ஃபைபர் படகை இன்ஜினோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். தண்ணியை விட்டவன் தண்ணியிலேயே இறங்கிவிட்டான் என்று ஊர் சிரித்தது. வலை பார்ப்பதற்குத் துடுப்புப் போதாதா, ஏரிக்கு எதற்கு மோட்டார் என்று பாப்பாத்தி கேட்டாள். பதிலுக்கு அவன் படகின் பக்கவாட்டில் சிவப்பு பெயிண்டில் 'பாப்பாத்தி' என்று எழுதி வைத்தான். பெண்டாட்டி பேரைப் போட்டால் திட்டு கம்மியாகும் என்று கணக்கு.

"எம் பேரு மேல கால வச்சி ஏறுவானுங்களா?" என்று அதற்கும் திட்டினாள். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் சலவைப் புடவை கட்டிக்கொண்டு கரைப்பக்கம் இரண்டு தடவை போய்வந்ததை ராஜாம்பாள் பார்த்திருக்கிறாள்.

ராஜாம்பாள் பக்கத்து வீடு. அவள் பார்க்காதது என்று அந்தத் தெருவில் எதுவும் நடந்ததில்லை. பார்க்க முடியாததைக் கேட்டுவிடுவாள். இந்தக் கதைக்கு வித்திட்ட நாளில் அவள் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கொல்லையில் வீரமுத்து சங்கராபுரம் மெக்கானிக் சிவசங்கருடன் போனில் பேசிக்கொண்டிருந்தான். வீரமுத்து போனில் பேசினால் மறுமுனைக்குப் போன் தேவையில்லை.

"பாப்பாத்தி மறுபடியும் மக்கர் பண்றாப்பா... ஆமா, காலைல கெளம்பும்போது நல்லாத்தான் கெளம்புறா. கொஞ்ச தூரம் போனா தெணறுறா, அப்படியே நின்னுடறா... இன்னாது? சாராயமா? உள்ளயா? அடப்பாவி... ஆமாப்பா, வாய தொறந்து மோந்து பாத்தேன், கப்புன்னு அடிக்குது... உள்ள பூரா கரைஞ்சி போச்சா? கொழகொழன்னு வருதேன்னு பாத்தேன்... சரி, குடிச்சத பூரா வெளிய எடுத்துடணும்ன்ற. எடுத்துடறேன். ஊட்ல மட்டும் சொல்லிடாத. அவளுக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவா."

அவன் பேசியது படகைப் பற்றி. படகு பாதி ஏரியில் நின்றுபோய், அருவி பார்க்க வந்து, காசு கொடுத்துப் படகுச் சவாரி ஏறிய விழுப்புரத்துக் குடும்பம் ஒன்று செருப்பைக் கழற்றித் துடுப்புப் போட்டுக்கொண்டு கரை சேர்ந்திருந்தது. ராஜாம்பாளுக்கு அது தெரியாது. அந்தப் படகை ஊரில் எல்லோரும் 'டப்பா' என்றுதான் சொல்வார்கள். பெயிண்டில் எழுதிய பேரை வீரமுத்துவும் மெக்கானிக்கும் தவிர யாரும் வாயால் சொன்னதில்லை. 'அவளுக்குத் தெரிஞ்சா' என்ற இடத்தில் மட்டும் ராஜாம்பாளுக்குச் சின்னதாக இடறியது. உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளைச் சொல்கிறான் போல என்று அவளே தீர்த்துக்கொண்டாள். மிளகாயை அரைகுறையாகப் பரப்பிவிட்டு இறங்கினாள்.

ராஜாம்பாள் நல்லவள். பொய் சொல்ல மாட்டாள். கேட்டதைக் கேட்டபடிதான் சொன்னாள். கேட்டவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்துக்கொண்டார்கள். தெருக்கோடிக்குப் போகும்போது பாப்பாத்திக்குக் குடல் கரைந்துவிட்டிருந்தது. ஏரிக்கரைக்குப் போகும்போது அவள் வருஷக்கணக்காகக் குடிப்பதாகவும், கோயிலில் சாட்சி நிற்கிற அன்றைக்கு மட்டும் வெற்றிலை போட்டு நாற்றத்தை மறைப்பதாகவும் ஆகியிருந்தது.

ரேஷன் அரிசியோடு பாப்பாத்தி வீடு திரும்பியபோது வாசலில் ஆம்பிளைகள் கூட்டம் ஒன்று நின்றது. முன்னால் நின்றவன் சின்னராசு, கரும்பு வெட்டுகிற ஆள். குளித்து, திருநீறு பூசி, கயிறு கட்டிய கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணி, கொஞ்சம் கோயிலு வரைக்கும் வந்துட்டுப் போ."

"இன்னாத்துக்கு?"

"கயித்த அவுக்கணும்."

"ஆடி வரட்டும், அவுப்போம்."

"அது இல்லண்ணி. நாங்களா அவுத்தா முனியப்பன் கண்ண குத்திடுவாரு. நீ வந்து பூசாரிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். சாட்சி செல்லாதுன்னு." பின்னால் நின்றவர்கள் ஏதோ பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பவ்யமாகத் தலையாட்டினார்கள். "உன்ன தப்பா நெனைக்கல. ஒடம்பு நோவு, வயக்காட்டு வேல... நாங்களும் குடிச்சவங்கதான், எங்களுக்குத் தெரியாதா?"

பாப்பாத்திக்கு எலுமிச்சம்பழம் புரிந்தது. தாராளமாக விழுந்த அரிசியும் புரிந்தது. அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஆரம்பித்ததை இங்கே எழுத முடியாது. சின்னராசுவின் தாத்தாவில் தொடங்கி அவன் வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் வந்தாள் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கைகளில் இருக்கிற கயிறு அத்தனையும் இன்றைக்கு அவிழ்ந்தால், நாளைக்கு எந்த வீட்டில் என்ன கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். பேர் போனால் போகிறது. கயிறு போகக் கூடாது.

"யாருடா சொன்னது?"

"எம் பொண்டாட்டி."

"அவளுக்கு?"

"நிர்மலா."

நிர்மலாவைக் கூப்பிட்டார்கள். அவள் கையை நீட்ட, இன்னொருத்தி வந்தாள். அவள் கை நீண்ட திசையில், மதில் மேல் முகவாயை வைத்துக்கொண்டு ராஜாம்பாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா சொன்ன?"

"நான் ஏன் சொல்றேன்? உன் ஊட்டுக்காரரு சொன்னாரு. பாப்பாத்தி குடிச்சிட்டா, வாய தொறந்தா கப்புன்னு அடிக்குதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு. இந்தக் காதால கேட்டேன். முனியப்பன் மேல சத்தியம்!"

கட்டிய புருஷன் சொன்னான் என்றதும் கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"எங்க அந்தாளு?" என்றாள் பாப்பாத்தி.

ஏரிக்கரையில் இருந்தான். அவள் முன்னால் போக, ஊர் பின்னால் போனது. வழியில் பூசாரி அய்யனாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டார்கள். போகும் வழியெல்லாம் ராஜாம்பாள் தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள்.

கரையில் படகை இழுத்துப் போட்டிருந்தார்கள். வீரமுத்து அதற்குள் குனிந்து, ரப்பர் டியூப் ஒன்றை வாயில் வைத்துக் கன்னம் ஒட்ட உறிஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிளாஸ்டிக் கேன். மெக்கானிக் சிவசங்கர் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். காற்று கரைப்பக்கம் வீசியது. பெட்ரோல் வாடையோடு சேர்ந்து எல்லோர் மூக்கிலும் ஏறியது சாராய நெடி. பழகிய மூக்குகள் உடனே அடையாளம் கண்டுகொண்டன.

"அய்யய்யோ, இவுரு டியூப் போட்டே அடிக்கிறாரு!" என்றான் சின்னராசு. குரலில் வருத்தத்தைவிடப் பொறாமை ஜாஸ்தி.

பாப்பாத்தி முதலில் பார்த்தது புருஷன் மணிக்கட்டை. கயிறு அப்படியே இருந்தது. அப்புறம்தான் வாயைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு முழங்கையால் துடைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"யோவ், நான் குடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னியா?"

"நீயா? நீ எப்ப குடிச்ச?"

"பாப்பாத்தி குடிச்சிட்டான்னு போன்ல சொல்லல நீ?"

வீரமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான். படகைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். மெல்ல நகர்ந்து, தான் மறைத்துக்கொண்டு நின்ற இடத்தை விட்டு விலகினான். சிவப்பு எழுத்தில் 'பாப்பாத்தி' என்று இருந்தது. 'த்தி' மட்டும் கொஞ்சம் உரிந்திருந்தது.

"இவள சொன்னேன்" என்றான்.

கூட்டத்தில் முதலில் சிரித்தது யார் என்று இன்றைக்கும் சண்டை இருக்கிறது. சிரிக்காமல் நின்றவர்கள் கயிறு கட்டிய ஆம்பிளைகள்தான். கைக்கு எட்டியது நழுவுகிறதே!

"நம்புற மாதிரியா இருக்குது?" என்றான் சின்னராசு. "போட்டு எங்கியாவது சாராயம் குடிக்குமா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்துகினு கத கட்றாங்க."

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி சிவசங்கர் தொண்டையைச் செருமினான். அவனுக்குப் பைக், பம்புசெட் எல்லாம் தெரியும். படகு இதுதான் முதல் தடவை. தெரிந்ததைக் கூட்டம் சேர்த்துச் சொல்லுகிற வாய்ப்பும் அதுதான் முதல் தடவை.

"இப்ப பங்க்ல போடற பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனாலு. எத்தனால்னா இன்னா? கரும்பு, மக்காச்சோளம், இதுலருந்து எடுக்கிற ஸ்பிரிட்டு. புது வண்டிங்கள அதுக்குத் தோதாதான் செய்யறாங்க. இந்தப் போட்டு பொறந்த காலத்துல அதெல்லாம் ஏது? ஒடம்போட சேத்து வார்த்த ஃபைபர் டேங்க். ஸ்பிரிட்டு பட்டுப்பட்டு உள்பக்கத்துப் பிசினு கரையுது. டியூப்பு ஊறி உப்பிப் போச்சு. அது பத்தாதுன்னு, ஸ்பிரிட்டுக்குத் தண்ணின்னா உசுரு. காத்துல இருக்கிற ஈரத்தக் கூட இழுத்துக்கும். இவுரு ஞாயித்துக்கெழம மட்டும் ஓட்டறாரு, மத்த நாளெல்லாம் அர டேங்க்கோட ஏரி நடுவுல கெடக்குது. தண்ணியும் ஸ்பிரிட்டும் ஜோடி சேந்துகினு, பெட்ரோல மேல வுட்டுட்டு அடியில போயி குந்திக்குது. இன்ஜினு எங்கருந்து உறிஞ்சுது? அடியிலருந்துதான்."

"வூட்ட வுட்டு ஓடிப்போன ஜோடி மாதிரி" என்றாள் ராஜாம்பாள். அந்த விஷயத்தில் அவளுக்கு உதாரணங்கள் நிறைய.

"வாயால சொன்னா ஆச்சா? காட்டு" என்றாள் பாப்பாத்தி.

சிவசங்கர் காலி சோடா பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் பிடித்தான். தண்ணீர் நின்ற மட்டத்தில் பூசாரி தன் மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் கட்டினார். அதற்குமேல் சிவசங்கர் தன் பைக்கிலிருந்து பெட்ரோலை ஊற்றி, மூடி, குலுக்கி, படகின் விளிம்பில் வைத்தான். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மேலே பெட்ரோல், கீழே தண்ணீர் என்று இரண்டும் பிரிந்தன. ஆனால் தண்ணீர் கயிற்றைத் தாண்டி மேலே ஏறி நின்றது.

"நான் ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல" என்றான் சிவசங்கர். "பெட்ரோல்ல இருந்த ஸ்பிரிட்டு தண்ணியோட போயிடுச்சு. அவ்ளோதான்."

"முனியப்பா!" என்றார் பூசாரி. தன் கயிறு இப்படி ஒரு வேலைக்குப் பயன்பட்டு அவர் பார்த்ததில்லை.

பிறகு வீரமுத்து டேங்க்குக்குள் கையை விட்டு வழித்துக் காட்டினான். வெல்லப்பாகு பதம் தவறின மாதிரி கருப்பாக, பிசுபிசுவென்று விரலில் தொங்கியது. உள்சுவர் பாதி கரைந்துவிட்டிருந்தது. சின்னராசு அருகில் போய் மோந்து பார்த்தான். நகர்ந்தான். சந்தேகம் தீராதவன் மாதிரி மறுபடியும் போய் மோந்தான்.

"இரு. கரும்புலருந்துதான எடுக்கிறான்னு சொன்ன? அப்ப நான் வெட்டி மில்லுக்கு ஏத்துன கரும்பு?"

"இதுல இருந்தாலும் இருக்கும்."

சின்னராசுவின் முகம் சுருங்கியது. "வெட்டுனது நானு. கட்டு கட்டி ஏத்துனது நானு. எனக்கு ஒரு சொட்டு கெடையாதுன்னு கையில கயிறு. இந்த டப்பா மட்டும் ஏரி நடுவுல ஜாலியா குடிச்சிகினு கெடக்குது. இது ஞாயமா?"

கூட்டத்தில் இன்னொருவன் கேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்துக்கொண்டிருந்தான். பாப்பாத்தி அதைக் கவனித்தாள். நேராகப் போய்க் கேனை எட்டி உதைத்தாள். வடித்தது அத்தனையும் காய்ந்த மண்ணில் ஓடி உள்ளே இறங்கியது. எதை நினைத்து உதைத்தாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"வெஷம்" என்றாள். "இன்ஜினுக்கே ஒத்துக்கல."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சின்னராசு லேசில் விடுகிற ஆள் இல்லை.

"பூசாரி அய்யா, எனக்கு ஒரு சந்தேகம். கயிறு கட்டும்போது, சாட்சி யாருன்னு கேட்டீங்க. பாப்பாத்தின்னு சொன்னேன். இன்னார் பொண்டாட்டி பாப்பாத்தின்னு சொல்லல. இப்ப ஒரு பாப்பாத்தி குடிச்சிது நெசந்தான? அப்ப கட்டு நிக்குமா?"

கயிறு கட்டிய கைகள் எல்லாம் ஒரு சேர மறுபடி நிமிர்ந்தன. பூசாரி அய்யனார் கண்ணை மூடிக்கொண்டார். சாமி வருகிறதோ, தூக்கம் வருகிறதோ தெரியவில்லை.

"அன்னிக்கி வந்த சாட்சி தரையில நின்னுச்சா, தண்ணியில மெதந்துச்சா?" என்று கேட்டார் பூசாரி.

"நின்னுச்சி."

"அப்ப கட்டும் நிக்கும். போய் வேலயப் பாரு."

"அப்ப வீரமுத்து அண்ணன்? டியூப்புல உறிஞ்சினாரே?"

"துப்புனது கணக்குல வராது. நான்தான் கண்ணால பாத்தனே."

கூட்டம் கலைந்தது. போகிறபோக்கில் நிர்மலா, "எலுமிச்சம்பழத்த வச்சிக்கக்கா, பரவால்ல" என்றாள். ராஜாம்பாள் மட்டும் நின்றாள்.

"எம்மேல கோவமா, பாப்பாத்தி? நான் கேட்டதத்தான சொன்னேன்? ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல."

"கொறச்சி சொல்லியிருக்கலாம் இல்ல?"

அது எப்படி என்று ராஜாம்பாளுக்கு விளங்கவில்லை.

பழைய டேங்க்கை அறுத்து எறிந்துவிட்டு, அலுமினிய டேங்க் ஒன்று வைத்து, டியூப் எல்லாம் மாற்றினான் சிவசங்கர். ஓட்டாத நாளில் பெட்ரோலை வடித்து வைத்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான். டேங்க் மூடியில் பூசாரி கையால் ஒரு கயிறும் கட்டியாகிவிட்டது. சாட்சி பாப்பாத்தி. பெயிண்டர் வந்து பழைய பேரைச் சுரண்டிவிட்டு, புதுப் பேர் என்ன எழுதட்டும் என்று கேட்டான். குலசாமி பேர் வைக்கலாமா என்று இழுத்தான் வீரமுத்து.

"சாமிய எதுக்கு இழுக்கற? 'வீரமுத்து'ன்னு எழுதுப்பா" என்றாள் பாப்பாத்தி. "பெருசா எழுது. இனிமே குடிச்சா அவரு பேரு கெடட்டும்."

அப்படியே எழுதியாகிவிட்டது. சின்னராசு இன்னும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் திரிகிறான், கயிற்றோடு. அவன் பெண்டாட்டி மட்டும் பாப்பாத்தி வீட்டுக்கு அடிக்கடி பலகாரம் கொடுத்தனுப்புகிறாள்.

போன வாரம் ராஜாம்பாள் மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கொல்லையில் பாப்பாத்தி போனில்.

"சிவசங்கரு, வீரமுத்து காலைலருந்து எழுந்திரிக்கவே மாட்டறான்ப்பா. தட்டித் தட்டிப் பாக்கறேன், இருமிட்டு அடங்கிடறான்... அட, ஒரு சொட்டு உள்ள போவலன்றேன்!"

வடகம் பிழிந்த கையோடு ராஜாம்பாள் படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். அவளுக்கு அது லேசான காரியம் இல்லை. தொண்டை வரைக்கும் வந்ததை நிறுத்துவது எப்பேர்ப்பட்ட கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும். மதில் பக்கம் போய்க் குரல் கொடுத்தாள்.

"பாப்பாத்தி! ஏ பாப்பாத்தி! வீரமுத்துக்கு முடியலியாமே? ஊருக்குள்ள போறதுக்கு முன்ன கேட்டுக்கறேன். நிக்கிறதா, மெதக்கறதா?"